நெல்லை வட்டார ரேபிட் செஸ் போட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலோ டவுனிலோ ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறு காலை தொடங்கி, சாயங்காலம் பரிசளிப்போடு முடிகிற ஒருநாள் ரேபிட் போட்டிக்கு வருகிறவர்களுக்காக இது. விதி என்று இங்கே வருவதெல்லாம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிகள். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஆட்டத்தை வைத்துக்கொள்வோம். வெள்ளைக் காய் 1600 ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ள ஒரு அண்ணாச்சிக்கு, கறுப்பு 1500 ரேட்டிங் உள்ள ஒன்பதாம் வகுப்புத் தம்பிக்கு. ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 5 விநாடி இன்க்ரிமென்ட், அதாவது நகர்வு ஆடியதும் கிளாக்கில் கூடுகிற நேரம். சுருக்கமாக 15+5.

ரேபிட் என்றால் சரியாக எத்தனை நிமிடம்?

கொடுத்த நிமிடத்தோடு இன்க்ரிமென்ட்டை 60 நகர்வுக்குப் பெருக்கிக் கூட்டுங்கள். வருவது 10 நிமிடத்துக்கு மேலும் 60 நிமிடத்துக்குக் கீழும் இருந்தால் ரேபிட். 15+5 என்றால் 15 நிமிடமும் 300 விநாடியும், ஆக 20 நிமிடம். 10+5 என்றால் 15 நிமிடம், அதுவும் ரேபிட்தான். இன்க்ரிமென்ட் இல்லாத வெறும் 10 நிமிடம் பிளிட்ஸ் (ரேபிட்டைவிட வேகமான வகை) கணக்கில் போய்விடும். நோட்டீஸில் 'ரேபிட்' என்று அச்சடித்திருந்தாலும் விதி மாறாது. உலக ரேபிட் சாம்பியன்ஷிப் 15+10-இல் நடக்கிறது. நம் விசுவநாதன் ஆனந்த் 2017-இல் ரியாத்தில், 48 வயதில், அந்தப் பட்டத்தை வாங்கினார். ரேபிட் சின்னப் பையன்கள் ஆட்டம் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

15+5-இல் நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

20 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் நகர்வுக்கு 20 விநாடி. ஆனால் சராசரியாக ஆடுகிறவன் தோற்பான். எங்கே செலவழிக்க வேண்டுமோ அங்கே செலவழிக்க, மற்ற இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டும்.

நடைமுறையில் சரியாக வருகிற கணக்கு ஒன்று. முதல் 10 நகர்வுக்கு 2 நிமிடம். இதற்குள் 50 விநாடி திரும்ப வந்துவிடுவதால் கிளாக்கில் 13:50 இருக்கும். 11 முதல் 30 வரை 11 நிமிடம் செலவழிக்கலாம், 100 விநாடி கூடும். 30-ஆவது நகர்வில் கிளாக் 4:30 காட்ட வேண்டும். அந்த 11 நிமிடத்தில் 2 நிமிட யோசனை மூன்று முறை, மற்ற 17 நகர்வுக்கும் தலா பதினேழு பதினெட்டு விநாடி.

அந்த மூன்று யோசனையை எங்கே வைப்பது? ராணிகளை மாற்றிக்கொள்ளலாமா என்று வரும்போது, நடுவில் சிப்பாய்கள் மோதி அமைப்பு மாறப்போகும்போது, எதிராளி நீங்கள் நினைத்தே பார்க்காத ஒன்றை ஆடும்போது. வெட்டியதைத் திரும்ப வெட்டுவதற்கும், செக் வாங்கி ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும்போதும் 40 விநாடி உட்கார்ந்திருப்பது வெறும் பயம்.

நம் ஆட்டத்தில் அண்ணாச்சி 14-ஆவது நகர்வில் இரண்டு நல்ல நகர்வுகளுக்கு நடுவே எது மேல் என்று 4 நிமிடம் யோசித்தார் என்று வையுங்கள். இரண்டும் நல்லது என்றால் எதையும் ஆடலாம், அந்த 4 நிமிடத்துக்குப் பலன் பூஜ்ஜியம். 30-ஆவது நகர்வில் அவரிடம் 1:10, தம்பியிடம் 4:00. இந்த இடத்தில்தான் தம்பிமார் செய்கிற பெரிய தப்பு வரும். எதிராளி நேர நெருக்கடியில் இருக்கிறார் என்று தானும் பட்டுப்பட்டென்று ஆட ஆரம்பிப்பார்கள். யோசிக்க 4 நிமிடம் இருப்பவன் 1 நிமிடம் இருப்பவன் வேகத்தில் ஆடினால் தன் கையிலிருக்கிற 3 நிமிடத்தைத் தூக்கிப் போடுகிறான் என்று அர்த்தம். 20 விநாடி எடுத்து, எதிராளி இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நகர்வை ஆடுங்கள். செக் மேல் செக் கொடுத்தால் அவருக்கு வேலை சுலபம். ராஜாவுக்கு ஒரு கட்டம்தான் இருக்கும், அதில் வைத்துவிட்டு 5 விநாடி சம்பாதித்துக்கொள்வார்.

ஆன்லைனில் 1900 ஆடுகிற பையன் ஹாலில் ஏன் 1400 மாதிரி ஆடுகிறான்?

அந்த இணையதள எண்ணும் ஃபிடே எண்ணும் வேறு அளவுகோல்கள் என்பது ஒரு பக்கம். பெரிய காரணம், ஆன்லைனில் கம்ப்யூட்டர் செய்துகொடுத்த நான்கு வேலைகளை இங்கே அவனே செய்ய வேண்டும். தப்பான நகர்வைத் திரை ஏற்காது, போர்டு ஏற்கும். திரையில் காயைத் தொட்டுவிட்டு விடலாம், இங்கே தொட்டால் தொட்டதுதான். கிளாக் தானாக மாறும், இங்கே அமுக்க வேண்டும். கடைசிக் கட்டம் போன சிப்பாய் தானாக ராணியாகும், இங்கே கையால் மாற்ற வேண்டும்.

இன்னொன்று கண். திரையில் மேலிருந்து தட்டையாகப் பார்த்துப் பழகியவனுக்கு, எதிரே உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும்போது தூரத்து மூலையில் நிற்கும் மந்திரி தெரியாது. போட்டிக்கு முந்தின ஒரு வாரம் தினமும் ஒரு ஆட்டமாவது நிஜ போர்டில், கிளாக் வைத்து ஆடச் சொல்லுங்கள்.

தொட்ட காயை ஆடித்தான் ஆகணுமா? காஸ்லிங்கில் எதை முதலில் தொடுவது?

வேண்டுமென்றே தொட்ட காய்க்கு முறையான நகர்வு இருந்தால் அதைத்தான் ஆட வேண்டும். எதிராளி காயைத் தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்ட வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்பதைச் சரிசெய்ய வேண்டுமானால், தொடுவதற்கு முன் 'அட்ஜஸ்ட்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் கிளாக் ஓடும்போது மட்டும். தொட்டபிறகு சொன்னால் செல்லாது.

ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுகிற காஸ்லிங் என்பது ராஜாவின் நகர்வு. முதலில் ராஜா, இரண்டு கட்டம், பிறகு அதே கையால் யானை. யானையை முதலில் தொட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் ஆட வேண்டும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தூக்கி வைத்துக் கிளாக்கை அமுக்கினால் அது முறைதவறிய நகர்வு. வீட்டுத் திண்ணையில் அப்பாவோடு ஆடிப் பழகிய கை இதை அடிக்கடி செய்யும். காயை நகர்த்திய கையாலேயே கிளாக்கையும் அமுக்க வேண்டும்.

எதிராளி தப்பான நகர்வு ஆடிவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முறைதவறிய நகர்வு என்றால் செக்கில் இருக்கும் ராஜாவை விட்டுவிட்டு வேறு ஆடுவது, ராஜாவைச் செக்குக்குள் கொண்டுபோய் வைப்பது, குதிரையைத் தப்புக் கட்டத்தில் வைப்பது போன்றவை. நகர்வே ஆடாமல் கிளாக்கை அமுக்குவதும் இதே கணக்குத்தான். கிளாக்கை அமுக்கிய பிறகுதான் அது குற்றமாகும். அமுக்கும் முன் அவரே திருத்திக்கொள்ளலாம், ஆனால் தொட்ட காய் விதி அப்போதும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்தக் காயையும் தொடாதீர்கள். கிளாக்கின் நடுவிலுள்ள நிறுத்து பட்டனை அமுக்குங்கள். கையைத் தூக்கி அர்பிட்டரை, அதாவது போட்டி நடுவரைக் கூப்பிடுங்கள். முதல் தவறு என்றால் உங்களுக்கு 2 நிமிடம் கூடும், பழைய நிலை திரும்ப வைக்கப்படும், அவர் தொட்ட காயையே முறையாக ஆட முடிந்தால் ஆட வேண்டும். அதே ஆள் இரண்டாவது முறை செய்தால் ஆட்டம் உங்களுக்கு. உங்களிடம் எந்த வகையிலும் மேட் செய்ய முடியாத காய்தான் இருக்கிறது என்றால் மட்டும் டிரா.

நீங்கள் பதில் நகர்வை ஆடிவிட்டால் உரிமை போச்சு. அந்தத் தப்பு நகர்வு நின்றுவிடும், இரண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்டால் தவிர. அப்புறம் 'சார், நாலு நகர்வுக்கு முன்னாடி செக்கில இருந்தாரு சார்' என்று அழுது பயனில்லை. அர்பிட்டரும் பார்த்தால் தலையிடலாம், ஆனால் அவரும் உங்கள் அடுத்த நகர்வுக்கு முன்னால்தான் தலையிட முடியும். ஒரு ஆள் இருபது போர்டைப் பார்க்கும் ஹாலில் அவர் கண்ணை நம்பி உட்கார முடியாது.

செக்கில் விட்ட ராஜாவை வெட்டி எடுத்துக் காட்டுவது சினிமாத்தனம். ராஜாவை வெட்டுவதே விதிப்படி கிடையாது, தப்பு உங்கள் மேல் திரும்பும்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. எதிரே இருப்பவர் வயதில் மூத்தவர், 'விடு தம்பி, பார்க்கல்லா' என்கிறார், பையன் விட்டுவிடுகிறான். கிளாக்கை நிறுத்துவது யாரையும் அவமானப்படுத்துவது ஆகாது. அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே நிறுத்தலாம்.

'செக்' என்று சொல்லியே ஆகணுமா?

வேண்டாம். விதியில் இல்லை. சொல்லாததால் செக் செல்லாது என்று யாராவது சண்டைக்கு வந்தால் அர்பிட்டரைக் கூப்பிடுங்கள்.

நேரம் முடிந்தால் உடனே தோல்வியா?

ஃப்ளாக் விழுந்ததை (நேரம் தீர்ந்ததை) அர்பிட்டர் பார்த்துச் சொல்லலாம், எதிராளி கிளாக்கை நிறுத்தியும் கோரலாம். பக்கத்துப் போர்டுக்காரரோ, ஜன்னலோரம் நிற்கும் பெற்றோரோ சொல்லக் கூடாது. கோருகிறவர் கிளாக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூஜ்ஜியம் காட்டியும் கவனிக்காமல் ஆடிக்கொண்டிருந்து செக்மேட் வாங்கினால் செக்மேட்தான் நிற்கும். போர்டில் மேட் விழுந்த கணமே ஆட்டம் முடிந்தது, அதற்குப் பிறகு கிளாக்கைக் காட்டிப் பயனில்லை.

நேரம் முடிந்தவர் தோற்பார், ஆனால் எதிராளியால் எந்த முறையான நகர்வு வரிசையாலும் மேட் செய்ய முடியாது என்றால் டிரா. இந்த 'எந்த வரிசையாலும்' என்ற சொல்லைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. தம்பியிடம் ராஜாவும் ஒரு குதிரையும். அண்ணாச்சியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், நேரம் முடிந்துவிட்டது. குதிரையை வைத்து மேட் செய்ய முடியாதே, டிராதானே என்பார்கள். இல்லை. அண்ணாச்சியின் ராஜா மூலையில் தன் சொந்தச் சிப்பாயால் அடைபட்டு மேட் ஆகிற ஒரு நிலை இருக்க முடியும் என்பதால் தம்பிக்கு வெற்றி. அண்ணாச்சியிடம் யானை மட்டும் இருந்தாலும் இதே கதை. ராணி மட்டும் இருந்தால் அப்படி ஒரு நிலை வராது, டிரா. தம்பியிடம் குதிரைக்குப் பதில் மந்திரி இருந்து, அண்ணாச்சியிடம் யானை மட்டும் இருந்தால் டிரா. எனவே நேரம் குறையும்போது, எதிராளியின் கடைசிக் காயை வெட்டி அவரை வெறும் ராஜாவாக்கிவிடுவது உங்கள் அரைப் புள்ளிக்குக் காப்பு.

வெற்றி நிலையில் 10 விநாடிதான் இருக்கிறது. 5 விநாடி இன்க்ரிமென்ட் போதுமா?

செய்முறை தெரிந்த முடிவாட்டத்துக்குப் போதும், கண்டுபிடித்து ஆட வேண்டியதற்குப் போதாது. யானை முடிவாட்டங்களில் இரண்டை மட்டுமாவது கை தானாக ஆடும் அளவுக்குப் பழகுங்கள்.

ஒன்று, சிப்பாய் ராணியாக ஒரு கட்டமே மிச்சமிருக்கும்போது ஜெயிக்கிறவனுக்கான லூசெனா நிலை. கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை. வெள்ளை ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1. கறுப்பு ராஜா ஈ7, யானை எச்2. வெள்ளை யானை ஈ1-க்குப் போய்ச் செக், கறுப்பு ராஜா டி7. அடுத்தது யானை ஈ4, இதுதான் பாலம் கட்டும் நகர்வு. கறுப்பு யானை எச்1-இல் காத்திருக்கும். ராஜா எஃப்7, எஃப்1-இலிருந்து செக். ராஜா ஜி6, ஜி1-இலிருந்து செக். ராஜா எஃப்6, மறுபடி எஃப்1 செக். ராஜா ஜி5, ஜி1 செக். இப்போது யானையை ஜி4-இல் குறுக்கே வைத்தால் செக்குக்கு இடமில்லை, சிப்பாய் ராணியாகும். யானையை ஐந்தாம் வரிசையிலோ மூன்றாம் வரிசையிலோ வைத்துவிட்டு ராஜாவை வெளியே கொண்டுவந்து ஓடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. நான்காம் வரிசை என்பதை மட்டும் மனதில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தப்பிக்கிறவனுக்கான ஃபிலிடோர். உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால் நிற்க, யானையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைத்து எதிராளி ராஜாவை உள்ளே விடாதீர்கள். சிப்பாய் அந்த வரிசைக்குள் வந்த உடனே யானையை எதிர்க் கடைசிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருங்கள். சிப்பாய் வரும் முன்பே யானையை இறக்கினால் எதிராளி ராஜா முன்னேறிச் சிப்பாய்க்கு முன்னால் ஒளிந்துகொள்ளும்.

சிப்பாய் கடைசிக்குப் போய்விட்டது, ராணி கையில் இல்லை. என்ன செய்ய?

கிளாக்கை நிறுத்தி அர்பிட்டரிடம் ராணி கேளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. சிப்பாயை அப்படியே வைத்துவிட்டுக் கிளாக்கை அமுக்கினால் முறைதவறிய நகர்வு, 2 நிமிடம் எதிராளிக்குப் போகும். யானையைத் தலைகீழாக வைத்து 'இதுதான் ராணி' என்றால் அது யானையாகத்தான் கருதப்படும். வெட்டுப்பட்ட காயைத்தான் திரும்ப வாங்கலாம் என்பது வீட்டு விதி. போட்டியில் இரண்டாவது ராணி, மூன்றாவது ராணி எல்லாம் தாராளமாக வாங்கலாம்.

டிரா கேட்பது எப்படி?

'அண்ணாச்சி, டிரா வச்சுக்கிடுவமா?' என்று எப்போது வேண்டுமானாலும் கேட்கிறார்கள். சரியான வரிசை: நகர்வை ஆடுங்கள், டிரா கேளுங்கள், கிளாக்கை அமுக்குங்கள். அவர் மறுத்தபிறகு இரண்டு நகர்வுக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருந்தால் தொந்தரவு என்று அர்பிட்டர் எச்சரிப்பார்.

ஒரே நிலை மூன்றாவது முறை வரும்போது டிரா கோரலாம், ஐந்தாவது முறை வந்தால் கோராமலே டிரா. ரேபிட்டில் நகர்வுகளை எழுத வேண்டியதில்லை, எழுதாததால் கோரும் உரிமையும் போகாது. ஆனால் நிரூபிப்பது கஷ்டம். திரும்பத் திரும்ப அதே இடம் வருகிறது என்று தெரிந்தால் அர்பிட்டரிடம் ஸ்கோர் ஷீட் கேட்டு வாங்கி அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள், அவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கோரிக்கை தப்பு என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்.

இன்க்ரிமென்ட் இல்லாத போட்டியில், கடைசி 2 நிமிடத்துக்குள் 'இவர் ஜெயிக்க முயலவே இல்லை, நேரத்தில் தோற்கடிக்கப் பார்க்கிறார்' என்று டிரா கோர ஒரு வழி உண்டு. அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தால்தான் செல்லும். தொடக்கக் கூட்டத்தில் டீ குடிக்கப் போகாமல் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 15+5-க்கு அந்த வழியே கிடையாது.

ரேபிட்டுக்கு எந்தத் தொடக்கம் நல்லது?

எட்டு நகர்வு யோசிக்காமல் ஆடத் தெரிந்தது எதுவோ அது. வெள்ளைக்கு லண்டன், கறுப்பில் ஈ4-க்கு எதிராகக் காரோ-கான் ஆகியவற்றைப் பலர் எடுப்பது எதிராளி என்ன ஆடினாலும் அமைப்பு அதிகம் மாறாது என்பதால்தான். காலையில் யூடியூபில் பார்த்த பொறியை மதியம் முயல வேண்டாம்.

தோற்றால் ரேட்டிங் எவ்வளவு குறையும்?

ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிடப் பெருக்குகிற எண் கே. ரேபிட்டுக்கு எல்லோருக்கும் கே எண் 20. 100 புள்ளி வித்தியாசத்தில் மேலே இருப்பவரிடம் ஒரு ஆட்டத்தில் எதிர்பார்க்கப்படுவது 0.64 புள்ளி. எனவே அண்ணாச்சி ஜெயித்தால் 20 × 0.36, அதாவது 7.2 கூடும். டிரா என்றால் 2.8 குறையும், தோற்றால் 12.8 குறையும். தம்பிக்கு இதே எண்கள் மறுபக்கமாக. சமமான நிலையில் தம்பி டிரா கேட்டால் அண்ணாச்சி முகம் சுளிப்பது இந்த 2.8-க்காகத்தான். ரேட்டிங் இல்லாதவர் முதல் எண் பெற, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆட வேண்டும். 2024 மார்ச் முதல் பட்டியலின் அடித்தளம், அதாவது மிகக் குறைந்த எண், 1400.

இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி, எனக்கு மட்டும் ஏன் கீழே இடம்?

பெரும்பாலும் புக்கோல்ஸ், அதாவது உங்களோடு ஆடியவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டு. ஒரே அளவு புள்ளி உள்ளவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் முதல் ரவுண்டில் தோற்றால் கீழே இருப்பவர்களோடு ஜோடி சேர்ப்பார்கள், அவர்கள் கடைசியில் எடுக்கும் புள்ளியும் குறைவு. கடைசியில் தோற்றவரும் முதலில் தோற்றவரும் 5½ எடுத்தாலும் கடைசியில் தோற்றவர் மேலே இருப்பது இதனால்தான்.

வெளியூரிலிருந்து வருகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

15+5-இல் 90 நகர்வு ஆட்டம் 45 நிமிடம் போகும். 7 ரவுண்ட் என்றால் ஜோடி சேர்க்கும் நேரத்தோடு ஆறு மணி நேரத்துக்கு மேல். சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வருபவர்கள் திரும்பும் பஸ்ஸை அதற்கேற்பப் பாருங்கள். குற்றாலம் சாரல் காலத்து ஞாயிறுகளில் தென்காசி வழிப் பஸ்ஸில் நிற்கவே இடமிருக்காது. ஆனித் தேரோட்ட நாளில் டவுன் ரத வீதிகள் பக்கம் வண்டி போகாது, அதற்கும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதமாக வந்தால் எத்தனை நிமிடம் பொறுப்பார்கள் என்பது நோட்டீஸில் இருக்கும்.

மத்தியானம் சொதிச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு நாலாவது ரவுண்டில் கண்ணைச் சொருகியவர்கள் ஏராளம். தயிர்ச்சாதம் போதும். அல்வா சாப்பிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நெய் விரலில் காய் வழுக்கிப் பக்கத்துக் காய்கள் சரிந்தால், அதை உங்கள் நேரத்தில்தான் எடுத்து வைக்க வேண்டும். சரிந்தது சரிந்தபடியே கிளாக்கை அமுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் வேர்க்கும் கைக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போனை அம்மா அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். பாக்கெட்டில் இருப்பது தெரிந்தாலே ஆட்டம் போகும், மணி அடிக்க வேண்டும் என்பதில்லை. ஸ்மார்ட் வாட்சும் அப்படியே.

கிளாக் கொண்டுவரச் சொன்னால் புது ஏஏ பேட்டரி போட்டு, 15+5 வைக்கத் தெரிந்துகொண்டு வாருங்கள். முதல் நகர்வு ஆடி அமுக்கியதும் 5 விநாடி கூடுகிறதா என்று பாருங்கள். இரண்டு பேரும் 10 நகர்வு ஆடி முடித்துவிட்டால் கிளாக் அமைப்பை மாற்றச் சொல்ல முடியாது. போர்டு திரும்பி இருப்பது, காய் மாறி அடுக்கியிருப்பது எல்லாவற்றுக்கும் அந்த 10 நகர்வுதான் கெடு. வலக்கைப் பக்க மூலைக் கட்டம் வெள்ளை, ராணி தன் நிறக் கட்டத்தில்: உட்கார்ந்ததும் இந்த இரண்டையும் பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும்?

கிளாக்கை நிறுத்துங்கள். கை கொடுக்கும் முன் யார் ஜெயித்தது, இல்லை டிராவா என்று வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். டிரா என்று நினைத்து ஒருவர் கை கொடுக்க, தோல்வியை ஒத்துக்கொண்டார் என்று மற்றவர் எழுதிய தகராறுகள் இந்தச் சின்னக் கையசைப்பில்தான் பிறக்கும். ரிசல்ட் சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மேசையில் கொடுங்கள். அடுத்த ரவுண்ட் பேரிங் (யாரோடு யார் என்ற பட்டியல்) ஒட்டும்போது உங்கள் புள்ளி சரியா என்று பாருங்கள், தப்பிருந்தால் ஆட உட்காரும் முன் சொல்லுங்கள். பிறகு காய்களைத் திரும்ப அடுக்கி வையுங்கள், கூடுதலாக வாங்கிய ராணியை அர்பிட்டர் மேசையில் கொடுத்துவிடுங்கள். அது தம்பியின் சட்டைப் பையில் போய்விட்டால், அடுத்த ரவுண்டில் அதே போர்டில் யாரோ ஒருவர் சிப்பாயைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டு, 8 விநாடி வைத்துக்கொண்டு ராணியைத் தேடுவார்.